விடிந்ததும் மறந்துபோகும் பாடம்

"நேத்து ராவு எனக்கிட்ட ஒரு பிழையும் இல்லாம ஓதினான் ஹஸரத். விடிஞ்சா எல்லாம் போயிடுது. நான் என்ன செய்ற?"

எங்கள் குர்ஆன் மத்ரஸாவின் வாசலில் நின்று ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டு மூன்று வருடங்கள் ஆகின்றன. அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பதில் பிழையானது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு கிதாபு அல்ல. கைக்குள் அடங்கும் ஒரு சிறு குருவி. பிள்ளைகளை ஓத அனுப்பும் தாய்மார்கள் எல்லோரும் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

வரக்காப்பொலயில் எங்கள் மத்ரஸா சனி, ஞாயிறு தினங்களில் காலையிலேயே தொடங்கிவிடும். பின்புறம் இறப்பர்த் தோட்டம். மழை நாட்களில் பிள்ளைகள் நனைந்த செருப்புக்களை வாசலில் கழற்றிவிட்டு வந்து அமர்வார்கள். முதல் நாள் கொடுத்த பாடத்தை மறுநாள் காலையில் பார்க்காமல் ஓதிக் காட்ட வேண்டும். இது நான் அரபுக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே நான் அறிந்த முறை.

அந்தத் தாயின் மகனுக்கு அப்போது பத்து வயது. ஸூரத்துல் பய்யினா பாடமாக்கிக் கொண்டிருந்தான். சனிக்கிழமை வகுப்பு முடியும்போது நன்றாகவே ஓதினான். ஞாயிறு காலையில் வந்து அமர்ந்தால் இரண்டாவது ஆயத்திலேயே நின்றுவிடுவான். தெரிந்த சொல்லைக்கூட மூன்று தடவை திருப்பிச் சொல்வான். பிறகு வாய் அடைத்துப் போகும். இப்படி நான்கு வாரங்கள் சென்றன. ஐந்தாவது வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொய் சொல்லாதே! நேற்று வீட்டுக்குப் போய் நீ குர்ஆனைத் திறந்திருக்கவே மாட்டாய்" என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அழவில்லை. குர்ஆனை மூடி, முத்தமிட்டு, பலகையில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். அன்றுதான் அவனுடைய உம்மா வந்து வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். "மகனுக்குக் கவனம் இல்லை. நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

என் மூத்த மகள் அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக் கொண்டிருந்தாள். ஒரு நாள் மஃரிபுக்குப் பின் ஆங்கிலத்தில் ஏதோ வாசித்துக் கொண்டிருந்தவள், "வாப்பா, குருவிக் குஞ்சுக்கும் ஓதல் பாடம் இருக்கு, தெரியுமா?" என்று கேட்டாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று அவள் தொடங்கிய பேச்சு பல இரவுகள் நீண்டது. அவள் எனக்கு விளக்கியதை என்னால் இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

சித்திரை மாதம் வந்தால் நம் ஊரெங்கும் குயில் கூவுகிறது. குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடுகிறது என்பது நமக்குத் தெரியும். குஞ்சு காகத்தின் சத்தத்தைக் கேட்டே வளர்கிறது. ஆயினும் பெரிதானதும் அது குயிலாகவே கூவுகிறது. அந்தக் கூவலை எவரும் அதற்குக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. அல்லாஹ் அதனைப் பிறவியிலேயே வைத்துவிட்டான். வீட்டுச் சேவலும் அப்படித்தான்.

ஆனால் பாடும் குருவிகள் என்றொரு பெரிய கூட்டம் இருக்கிறது. அவற்றுக்குப் பாட்டு பிறவியில் முழுமையாக வருவதில்லை. மூத்த பறவையிடம் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும். 1950களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்ற அறிஞர் ஒருவகைக் குருவிக் குஞ்சுகளை மற்றப் பறவைகளின் சத்தம் கேட்காத இடத்தில் வளர்த்தார். அவை வளர்ந்து பாடின. ஆனால் அது குறைப்பாட்டாகவே இருந்தது. பின்னர் 1960களில் மசகாசு கொனிஷி என்ற ஜப்பானியர் இன்னொன்றைக் காட்டினார். மூத்த பறவையின் பாட்டைக் கேட்ட பின்னரும், தன் சொந்தக் குரல் தன் காதில் விழாவிட்டால் குஞ்சால் சரியாகப் பாட முடியாது. ஆக, இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலில் உஸ்தாதின் குரலைக் கேட்டு மனதில் பதிக்க வேண்டும். பிறகு தன் குரலைத் தானே கேட்டு, மனதில் உள்ளதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். நம் மத்ரஸாவில் நடப்பதும் இதுதானே என்று நான் வியந்துபோனேன்.

இதனை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஸீப்ரா பின்ச் என்ற குருவியை. அதன் சொந்த நாடு ஆஸ்திரேலியா. சிவந்த சொண்டும் வாலில் கறுப்பு வெள்ளை வரிகளும் கொண்டது. உலகெங்கும் வீடுகளில் கூட்டில் வைத்து வளர்க்கிறார்கள். ஆண் குருவி மட்டுமே பாடும். குஞ்சு தன் வாப்பாக் குருவியிடம் பாட்டைக் கற்கிறது. ஏறத்தாழ 3 மாதத்துக்குள் அதன் பாட்டு உறுதியாகிவிடும். பிறகு வாழ்நாள் முழுவதும் அதே பாட்டுத்தான்.

அந்தப் பாட்டு மூளைக்குள் எங்கே, எப்படிப் போய் அமர்கிறது? ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனத்தில் யோகோ யசாகி-சுகியாமா என்ற பெண் விஞ்ஞானியும் ஷின் யனகிஹாராவும் இதைத் தேடினார்கள். 2016ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டார்கள். குஞ்சின் மூளையில் சத்தங்களைக் கேட்கும் பகுதியில் உள்ள நரம்புக் கலங்களை ஒவ்வொன்றாக அவர்கள் கவனித்தார்கள். உஸ்தாதின் பாட்டைக் கேட்பதற்கு முன் அந்தக் கலங்களுக்கு எந்தப் பாட்டின் மீதும் தனி விருப்பம் இருக்கவில்லை. எல்லாம் அவற்றுக்கு ஒன்றுதான். உஸ்தாதோடு சில காலம் இருந்து அவருடைய பாட்டைக் கேட்ட பின் பார்த்தால், ஒரு சிறு தொகைக் கலங்கள் மாறியிருந்தன. மற்றக் குருவிகளின் பாட்டைப் போட்டால் அவை பேசாமல் இருந்தன. உஸ்தாதின் பாட்டு கேட்டால் மட்டும் துடித்து எழுந்தன.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அடுத்த விடயம். அந்தக் கலங்கள் எப்படி ஒரு குரலை மட்டும் தெரிந்தெடுக்கின்றன? கலங்களை அடக்கி வைக்கும் ஓர் இரசாயனம் மூளையில் இருக்கிறது. அது மற்றக் குரல்களுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. அந்த அடக்கத்தை மருந்தினால் நீக்கியபோது, அந்தக் கலங்கள் தங்கள் தெரிவை இழந்துவிட்டன. உஸ்தாதின் பாட்டும் மற்றப் பாட்டும் மறுபடியும் கலந்துபோயின. அதாவது, ஒரு பாட்டை அறிந்துகொள்வது என்பது மற்ற இரைச்சலுக்கு முன்னால் அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்வதும்தான். தொலைக்காட்சி ஒரு பக்கம், கையடக்கத் தொலைபேசி மறுபக்கம் ஒலிக்கும் வீட்டில் பிள்ளையைப் பாடமாக்கச் சொல்லும் நாம் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"அப்படியென்றால் பாட்டைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் போதாதா?" என்று மகளிடம் கேட்டேன். ஏனென்றால் இப்போது பல தாய்மார்கள் காரிமார்களின் ஓதலைத் தொலைபேசியில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள்.

"போதாது வாப்பா" என்றாள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மசாஷி தனாகா, ரிச்சர்ட் மூனி ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வை எனக்கு எடுத்துச் சொன்னாள். உயிருள்ள உஸ்தாத் குருவி முன்னால் வந்து பாடும்போது, குஞ்சின் மூளையின் ஆழத்தில் உள்ள சில கலங்கள் டோபமைன் என்ற இரசாயனத்தைப் பாட்டுக்குரிய பகுதியில் சுரக்கின்றன. 'இது முக்கியம், பிடித்துக்கொள்' என்று சொல்வது போன்ற அடையாளம் அது. அதே பாட்டை ஒலிபெருக்கியில் போட்டால் அந்தக் கலங்கள் அசையவில்லை. அந்த இரசாயனம் வரும் வழியை அடைத்துவிட்டால், உஸ்தாத் நேரில் பாடினாலும் குஞ்சு கற்கவில்லை.

குர்ஆன் வாயிலிருந்து வாய்க்கு, ஒரு மனிதரின் முன் இன்னொருவர் அமர்ந்தே வந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களுடன் ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஒவ்வொரு ரமழானிலும் குர்ஆனை மீட்டினார்கள் என்பதை நாம் அறிவோம். ஸஹாபாக்கள் நபிகளாரிடம் கேட்டார்கள். அவர்களிடம் தாபியீன்கள் கேட்டார்கள். தொலைபேசியில் வரும் ஓதல் உதவிக்கு நல்லது. ஆனால் அது உஸ்தாதின் இடத்தையோ உம்மாவின் இடத்தையோ நிரப்பாது.

மூத்தவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ரீஜன்ட் தேன்குடிப்பான் என்ற பறவையினம் காடழிப்பினால் சில நூறுகளாகக் குறைந்துவிட்டது. இளம் ஆண் பறவைகளுக்குக் கேட்டுக் கற்க மூத்த பறவை கிடைப்பதில்லை. அவற்றில் சில தம் இனத்தின் பாட்டை விட்டுவிட்டு வேறு இனங்களின் பாட்டைப் பாடுகின்றன என்று 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். காது சும்மா இருக்காது. நம் குரல் கிடைக்காவிட்டால் கிடைக்கிற குரலை எடுத்துக்கொள்ளும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

2009இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷாங்க், மார்கோலியாஷ் என்ற இருவர் குஞ்சுகளின் உறக்கத்தை ஆராய்ந்தார்கள். பகலில் உஸ்தாதின் பாட்டை முதன்முதலாகக் கேட்ட குஞ்சின் மூளையில், அன்றிரவு உறக்கத்திலேயே பாட்டுக்குரிய கலங்களின் துடிப்பு மாறிவிடுகிறது. மறுநாள்தான் அதன் குரலில் மாற்றம் தெரிகிறது. நாம் 'தூங்கிவிட்டான்' என்று நினைக்கும் நேரத்திலும் உள்ளே பாடம் நடக்கிறது.

அதற்கு முன்பே, 2005இல், செபஸ்தியன் டெரெக்னோகூர், இந்தியரான பார்த்தா மித்ரா முதலியோர் சேர்ந்து இன்னொரு அதிசயத்தை வெளியிட்டிருந்தார்கள். குஞ்சு மாலையில் பாடியதை விடக் காலையில் மோசமாகப் பாடுகிறது! இரவு உறங்கி எழுந்ததும் பாட்டு குலைந்து போகிறது. பகல் முழுவதும் பாடிப் பாடி மறுபடி சரியாக்குகிறது. மறுநாள் காலை மறுபடி குலைகிறது. இப்படிக் காலையில் அதிகமாகக் குலைந்த குஞ்சுகள்தான் கடைசியில் உஸ்தாதின் பாட்டை மிக நன்றாகப் பாடின.

மகள் இதைச் சொன்னபோது நான் பேசவில்லை. "நேத்து ராவு எனக்கிட்ட ஒரு பிழையும் இல்லாம ஓதினான் ஹஸரத்" என்ற குரல் என் காதில் கேட்டது. நான் அந்தப் பிள்ளையைப் பொய்யன் என்று சொல்லியிருந்தேன்.

மனிதப் பிள்ளை குருவி அல்ல என்பதை நான் அறிவேன். குருவியில் கண்டதெல்லாம் பிள்ளையிலும் அப்படியே நடக்கும் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. ஆனால் மறதிக்குக் காரணம் சோம்பல் மட்டும்தான் என்று முடிவு கட்ட எனக்கு என்ன உரிமை இருந்தது? குர்ஆன் நெஞ்சிலிருந்து ஒட்டகத்தை விட வேகமாக நழுவிவிடும், ஆகவே அதை மீட்டிக்கொண்டே இருங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நான் எத்தனையோ தடவை ஜும்ஆவில் சொல்லியிருக்கிறேன். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸையும் சொல்லியிருக்கிறேன். என் முன்னால் ஒரு பிள்ளை திக்கியபோது மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை.

அவன் ஒரு சொல்லை மூன்று தடவை திருப்பிச் சொன்னதும் எனக்கு எரிச்சலாக இருந்தது அல்லவா? இந்தியாவில் புனே நகரிலுள்ள அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ராகவ் ராஜன் என்பவர் இதே குருவியை ஆராய்கிறார். குருவி பாட்டைத் தொடங்கும் முன் ஒரு சிறு ஒலியைச் சில தடவை திருப்பித் திருப்பிச் சொல்கிறது. அந்த ஒலி ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வந்ததும் பாட்டு பிறக்கிறது. அது திக்குவதாகத் தெரியவில்லை, தன்னைத் தயார்படுத்துவதாகவே தெரிகிறது என்று அவரும் அலிசன் டூப் என்ற பெண் விஞ்ஞானியும் 2013இல் எழுதியிருக்கிறார்கள். நானோ "முன்னால் போ! முன்னால் போ!" என்று விரட்டியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் தலகுலிப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் பிள்ளை றம்புட்டான் மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டான். வாப்பா வெளிநாட்டில் தொழில் செய்கிறார். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு கதவோரம் நின்றார். எனக்கு எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று தெரியவில்லை.

அப்போது அபூ உமைரின் நினைவு வந்தது. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அவர். அவர் ஒரு சிறு குருவியோடு விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குருவியைப் பற்றி அந்தச் சிறுவரிடம் அன்போடு விசாரிப்பார்கள். மரத்தின் மேல் பொல்கிச்சா ஒன்று பாடிக் கொண்டிருந்தது. "மகன், இது எங்கே கூடு கட்டியிருக்கு?" என்று கேட்டேன்.

அவன் மெல்ல வெளியே வந்தான். "செவத்துப் பொந்துல கட்டினது ஹஸரத். குஞ்செல்லாம் பறந்திட்டு. ஒண்டு மட்டும் இன்னும் இங்கதான் இருக்கு. அதுக்குப் பாடத் தெரியாது. வாய்க்குள்ளயே முணுமுணுக்கும்."

"கொஞ்ச நாள் போனால் பாடிடும்" என்றேன். "உனக்கும் அப்படித்தான். அன்றைக்கு நான் சொன்னது பிழை, மகன். நீ பொய் சொல்லவில்லை." ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது என் பழக்கத்தில் இல்லை. சொல்லி முடிந்ததும் நெஞ்சு இலேசானது.

கதவோரம் நின்ற உம்மா அப்போது சொன்னதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். "எனக்கு ஒழுங்கா ஓதத் தெரியாது ஹஸரத். நான் அவனுக்கு எதைச் சொல்லிக் குடுக்கிற? சும்மா பக்கத்துல இருந்து கேட்டுட்டு இருப்பேன். நல்லா ஓதினா தலையத் தடவுவேன். அவ்வளவுதான்."

அவருக்கு அந்த இடத்திலேயே நான் சொன்ன கதையைச் சகோதரிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். பெண் ஸீப்ரா பின்ச் பாடுவதே இல்லை. ஆகவே, பிள்ளையின் பாட்டில் உம்மாக் குருவிக்கு எந்தப் பங்கும் இல்லை என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சமந்தா கரூசோ-பெக், மைக்கல் கோல்ட்ஸ்டைன் ஆகியோர் 2019இல் வேறொன்றைக் காட்டினார்கள். குஞ்சு பாடிப் பழகும்போது உம்மாக் குருவி சில நேரம் தன் இறகுகளை ஒரு கணம் சிலிர்த்துக் காட்டும். இந்தச் சிலிர்ப்பைப் படம் பிடித்து, குஞ்சு வாப்பாவின் பாட்டை ஒத்துப் பாடும் போதெல்லாம் திரையில் காட்டினார்கள். வேறு குஞ்சுகளுக்கும் அதே படத்தை அதே அளவு காட்டினார்கள். ஆனால் அவை பாடுவதோடு சம்பந்தமில்லாமல் காட்டினார்கள். தன் பாட்டுக்குப் பதிலாகச் சிலிர்ப்பைக் கண்ட குஞ்சுகளே வாப்பாவின் பாட்டை நன்றாகக் கற்றன.

ஒரு சொல்லும் பாடத் தெரியாத உம்மா, பக்கத்தில் இருந்து கவனித்து, நல்ல இடத்தில் ஓர் இறகை அசைத்தே பிள்ளையைப் பாட வைக்கிறது. "நீங்கள் தலையைத் தடவுவது 'அவ்வளவுதான்' இல்லை" என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அவன் வந்தான். காலையில் மறுபடியும் நின்றுபோனான்தான். நான் விரட்டவில்லை. நானே மெதுவாக மூன்று தடவை ஓதினேன், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பத்து மணியாகும்போது பாடம் திரும்பி வந்துவிட்டது. ஸூரத்துல் பய்யினாவை அவன் முடிக்க இரண்டு மாதங்கள் எடுத்தன. இப்போது அவனுக்கு பதின்மூன்று வயது. அம்ம ஜுஸ்உ முழுவதும் நெஞ்சில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சில காலைகளில் இன்னும் தடுமாறுகிறான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பதில்லை. சிரிக்க நான் விடுவதில்லை.

பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்லாஹ் ஸூரத்துல் அன்ஆமில் கூறுகிறான். அதனை நான் பல வருடங்களாக ஓதிக் கொடுத்து வந்தேன். அந்தச் சமுதாயத்திலும் உஸ்தாதும் மாணவரும் இருக்கிறார்கள், பக்கத்தில் அமர்ந்து கேட்கும் உம்மாவும் இருக்கிறார் என்பது நாற்பது வயது கடந்த பிறகே எனக்குத் தெரிய வந்தது.

சகோதரிகளே, பிள்ளைக்குப் பாடம் கேட்கும் நேரத்தில் வீட்டை ஒரு கால் மணி நேரம் அமைதியாக வையுங்கள். தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டுப் பக்கத்தில் அமருங்கள். நேரத்தோடு உறங்க விடுங்கள். விடிந்ததும் மறந்துவிட்டால் "எல்லாம் போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். இன்னொரு தடவை ஓதச் சொல்லுங்கள். உங்களுக்கு ஓதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கை அவன் தலைமேல் இருக்கட்டும்.

எம் பிள்ளைகளின் நெஞ்சங்களை அல்லாஹ் குர்ஆனைக் கொண்டு நிரப்புவானாக. அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் எமக்குப் பொறுமையைத் தருவானாக. ஆமீன்.